நீல மலைத்தொடரின் மெதுவான பாதை

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில், 1971ஆம் ஆண்டு எட்டாம் வகுப்புத் தோழியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேச அழைத்தபோது, "கல்லூரி எமக்குத் தந்தவை" என்ற தலைப்பில் ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். ஒழுக்கம், கட்டுப்பாடு, இறைபக்தி என்று இங்கே பலரும் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஒரு கார்ப் பயணத்தைப் பற்றிச் சொல்லப்போகிறோம். அதற்கும் கல்லூரிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பில் எமது புவியியல் ரீச்சர் வட அமெரிக்காப் படத்தைக் கீறச் சொன்னார். அச்சு வைத்துக் கீறக்கூடாது, பார்த்துத்தான் கீறவேண்டும். மேற்கே றொக்கி மலைகளுக்குக் கடும் மண்ணிறம், கிழக்கே அப்பலேச்சியன் மலைகளுக்கு இளம் மண்ணிறம். எங்களில் மூவர் மலைகளைக் கம்பளிப்பூச்சி போலக் கீறி ஏச்சு வாங்கினோம். நாலாமவள் கீறிய படத்தை ரீச்சர் சுவரில் ஒட்டினார். அந்த நாலாமவள் பிற்காலத்தில் இதே கல்லூரியில் முப்பது வருடம் புவியியல் கற்பித்தாள். இந்த மண்டபத்தில் இருக்கிற பலருக்கு அவள் "ரீச்சர்". எங்களுக்கு அவள் இன்னமும் "நீ". அவளுடைய பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். முன்வரிசையில் இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

மற்ற மூவரும் காலம் தூக்கி எறிந்த இடங்களில் விழுந்தோம். ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி நியூ ஜேர்சியில், ஒருத்தி லண்டனில். லண்டன்காரி ஓய்வுபெற்ற மகப்பேற்றுத் தாதி. 2023ஆம் ஆண்டு வைகாசி மாதம் எங்கள் ரீச்சர் மகளிடம் நியூ ஜேர்சிக்கு வந்தாள். வந்த இடத்தில் கண்ணைப் பரிசோதித்தபோது, கண் அழுத்த நோய் முற்றியிருப்பதாக வைத்தியர் சொன்னார். பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே பெருமளவு போய்விட்டது. மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்ற முயலலாம், போனது திரும்பாது. அவள் அழவில்லை. "முப்பது வருசம் பிள்ளைகளுக்கு உலகத்தைப் படிப்பிச்சன். நான் கண்டது வரைபடத்தில மட்டும்தான்" என்றாள். அந்த வசனம் எங்களை நித்திரை கொள்ள விடவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு போவதா என்று நாங்கள் மூவரும் தொலைபேசியில் இரண்டு கிழமை வாதாடினோம். மருத்துவக் காப்புறுதி, படிக்கட்டு, இரவுப் பயணம், மகளின் பயம் என்று காரணங்கள் இருந்தன. "படம் எடுத்து வந்து காட்டலாம்" என்றுகூட ஒருத்தி சொன்னாள். அப்படிச் சொன்னதற்கு அவள் இன்றைக்கும் வெட்கப்படுகிறாள். கடைசியில் ஆனி மாதம் இரண்டாம் கிழமையில் ஒரு செவ்வாய்க்கிழமை நால்வரும் புறப்பட்டோம். காரின் பின்பெட்டியில் றைஸ் குக்கர், இடிசம்பல், ஒரு பெட்டி விசுக்கோத்து, இரண்டு பிளாஸ்க்.

முதல்நாள் நாங்கள் செய்த பிழையை முதலில் சொல்கிறோம். தென்மேற்கே கிரேற் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்கு விரைவாகப் போய், பார்த்துவிட்டு விரைவாகத் திரும்புவது என்பதே எமது திட்டம். கைத்தொலைபேசி காட்டிய வழியில் 78ஆம் இலக்க விரைவுச்சாலையில் ஏறி, பென்சில்வேனியாவில் 81ஆம் இலக்கத்துக்குத் திரும்பினோம். அந்தச் சாலை லொறிகளுக்குப் பெயர்போனது. எங்களுக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் பதினெட்டுச் சில்லு லொறிகள். மேரிலாந்து வந்தது, போனது. மேற்கு வேர்ஜீனியா வந்தது, போனது. வேர்ஜீனியா எல்லையில் ரீச்சர் மெதுவாகச் சொன்னாள்: "நாலு மாநிலம் கடந்திட்டம் எண்டு சொல்லுறியள். நான் கண்டது லொறியின்ர முதுகு மட்டும்தான்."

பக்கவாட்டுப் பார்வை குறைந்தவருக்கு வேகமாக ஓடும் காட்சி வெறும் கலங்கல். அது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

வேர்ஜீனியா எல்லையைத் தாண்டியதும் மாநில வரவேற்பு நிலையம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் எல்லையில், பெரிய சாலையோரமாக இப்படி ஒரு நிலையம் இருக்கும். கழிவறை இருக்கும், இலவசமாக மாநில வரைபடம் கிடைக்கும். எங்கள் வயதில் இரண்டும் முக்கியம். அங்கே மேசையிலிருந்த முதிய பெண்மணியிடம், பார்வை குறைந்த தோழி ஒருத்தி எங்களுடன் வருகிறாள் என்று சொன்னோம். எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். எட்டு நாள் என்றோம். "அப்படியானால் ஏன் கீழே போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வரைபடத்தை விரித்து, 81ஆம் இலக்கச் சாலைக்கு ஏறத்தாழச் சமாந்தரமாக, கிழக்குப் பக்க மலைமுகட்டின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடுதான் எமது பயணமாயிற்று.

அது இரண்டு சாலைகள் சேர்ந்த கோடு. முதலாவது ஸ்கைலைன் டிரைவ். ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள் பிரன்ற் றோயல் என்ற ஊரில் தொடங்கி 105 மைல் ஓடுவது. வேக எல்லை மணிக்கு 35 மைல். அது முடியும் றொக்பிஷ் கணவாயில் இரண்டாவது சாலையான புளூ ரிட்ஜ் பார்க்வே தொடங்குகிறது. அது 469 மைல் நீளம். வட கரோலைனாவில் செறோக்கி என்ற ஊருக்கருகே, கிரேற் ஸ்மோக்கி மலைப் பூங்காவின் வாசலில் முடிகிறது. வேக எல்லை பெரும்பாலும் 45 மைல். இரண்டு சாலைகளிலும் சரக்கு லொறிகளுக்கு இடமில்லை, விளம்பரப் பலகைகளும் இல்லை. பார்க்வேயில் பயணிக்கக் கட்டணமும் இல்லை. 1935இல், பொருளாதார மந்தத்தால் வேலையின்றித் தவித்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று கட்டத் தொடங்கியது, 1987இல்தான் முழுமையாக முடிந்தது.

ஸ்கைலைன் டிரைவில் முதல்நாளே ஒரு பாடம் கற்றோம். 32ஆவது மைலில் மேரிஸ் றொக் என்ற மலையைக் குடைந்த சுரங்கம் இருக்கிறது. வெயிலில் இருந்து திடீரென இருட்டுக்குள் நுழைந்தபோது ரீச்சர் எங்கள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருட்டுக்குப் பழக அவளுடைய கண்ணுக்கு நெடுநேரம் வேண்டும். அன்றிலிருந்து சுரங்கம் வருமுன் அறிவிப்பது எமது வழக்கமானது. பார்க்வேயில் மொத்தம் 26 சுரங்கங்கள். வேர்ஜீனியாவில் ஒன்றே ஒன்று, மற்ற 25உம் வட கரோலைனாவில். அதை அறிந்ததும் அவள் சிரித்தாள். "அப்ப வேர்ஜீனியாவில கொஞ்சம் மூச்சு விடலாம்" என்றாள்.

பார்வையிடங்களுக்கும் அவளே ஓர் ஒழுங்கு வகுத்தாள். காலையில் கிழக்கு நோக்கிய இடங்களில் நிற்கக்கூடாது, வெயில் கண்ணில் குத்தும். அந்நேரம் மேற்கு நோக்கிய இடங்கள், பின்னேரம் கிழக்கு நோக்கியவை. கார் நின்று, எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் போனபின்தான் அவள் பார்க்கத் தொடங்குவாள். ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல, இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாகப் பார்த்து, துண்டுகளை மனத்தில் ஒட்டிக்கொள்வாள். நாங்கள் பக்கத்தில் நின்று, "இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோயில், அதற்கு மேலே பருந்து" என்று சொல்லுவோம். இரண்டாம் நாளே ஒன்றைக் கவனித்தோம். அவளுக்குச் சொல்லவேண்டும் என்று பார்க்கும்போது நாங்களும் கூடுதலாகப் பார்த்தோம். அதற்கு முன் பல வருடமாகப் படம் எடுத்துக்கொண்டு மட்டுமே வந்திருக்கிறோம்.

மலை ஏன் நீலமாகத் தெரிகிறது என்று லண்டன்காரி கேட்டாள். வகுப்பு தொடங்கியது. மரங்கள், விசேடமாக ஓக் மரங்கள், ஐசோப்பிரீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது காற்றிலுள்ளவற்றோடு சேர்ந்து நுண்துகள் புகாராகி, நீல ஒளியைச் சிதறச் செய்கிறது. இந்த மலைகளின் பாறைகளில் சில நூறு கோடி வருடத்துக்கும் மேல் பழையவை, எமது மலைநாட்டுப் பாறைகளைப் போல. மழையும் காற்றும் தேய்த்துத் தேய்த்து உருண்டு போனவை. "அதுதான் இளம் மண்ணிறம்" என்றாள் ரீச்சர். ஐம்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு எங்களுக்குக் காரணம் விளங்கியது.

ஷெனண்டோவாவில் அழகை மட்டும் பார்த்துவிட்டு வர முடியாது. 1935இல் பூங்கா திறக்கப்படுவதற்காக அந்த மலையில் வாழ்ந்த ஏறத்தாழ 500 குடும்பங்கள் வெளியேறவேண்டி வந்தது. விலை வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு, விருப்பமில்லாமல் வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. முதியவர்கள் சிலருக்கு மட்டும் சாகும்வரை இருக்க அனுமதி கிடைத்தது. காட்டுக்குள் இன்றும் புகைபோக்கித் தூண்கள், கல்வேலிகள், குடும்பச் சுடலைகள் இருக்கின்றன. இதை வாசித்துக் காட்டியபோது ரீச்சர் நெடுநேரம் பேசவில்லை. 1995 ஐப்பசியில் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் நடந்தவள் அவள். பிறகு, "அவையள் நட்ட அப்பிள் மரம் ஏதும் இன்னும் காய்க்குதோ எண்டு கேள்" என்று மட்டும் சொன்னாள். பூங்கா அலுவலர் ஒருவரிடம் கேட்டோம். காட்டுக்குள் பழைய தோட்டத்து அப்பிள் மரங்கள் உண்டு என்றார்.

57ஆவது மைலில் லூயிஸ் மலை என்ற முகாமிடம் இருக்கிறது. பெரும்பாலானோர் நில்லாமல் போகும் இடம். நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில், 1939இல், கறுப்பின மக்களுக்கென ஒதுக்கித் திறக்கப்பட்டது. மற்ற இடங்களில் அவர்கள் தங்க முடியாது. இன்று யாரும் தங்கலாம். அங்கே மரமேசையில் அமர்ந்து எலுமிச்சஞ் சாதம் சாப்பிட்டோம். எல்லோரும் ஓடக்கூடிய சாலையாக இது எப்போதும் இருக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டே சாப்பிட்டோம்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கவனக்குறைவால் ஒரு சங்கடம் நேர்ந்தது. பார்க்வேயில் பெற்றோல் நிலையம் ஒன்றுகூட இல்லை. அதைப் படித்திருந்தும் சாரதியான ரொறன்ரோக்காரி கதையில் மறந்துவிட்டாள். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கைத்தொலைபேசியில் சமிக்ஞை இல்லை. நியூ ஜேர்சிக்காரி கந்தசஷ்டி கவசத்தைத் தொடங்கிவிட்டாள். அப்போது பின்னிருக்கையிலிருந்து ரீச்சர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வரைபடத்தை மடியில் விரித்தாள். "கடைசியாய்க் கண்ட மைல்கல் என்ன?" 161 என்றோம். "165இல ஒரு கணவாய் இருக்கு. அதில இறங்கி 8ஆம் இலக்கத் தெருவால வடக்கே ஆறு மைல் போனால் புளொயிட் எண்டு ஓர் ஊர்." சொன்னபடியே இருந்தது. அன்றிலிருந்து வழிகாட்டி அவள்தான். அதுவரை அவளை நாங்கள் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்திருந்தோம்.

புளொயிட் சின்னஞ்சிறு ஊர். பெற்றோல் அடித்துவிட்டுத் திரும்பும்போது வீதியோரமெல்லாம் பிடில், பான்ஜோ வாத்தியங்களோடு ஆட்கள். ஊர்ப் பலசரக்குக் கடையில் ஒவ்வொரு வெள்ளி இரவும் மலைநாட்டு இசைக் கூடல் நடக்குமாம். நாங்கள் தற்செயலாக வெள்ளிக்கிழமையில் அகப்பட்டுக்கொண்டோம். முதியவர்கள் அடியில் தகடு பொருத்திய சப்பாத்தோடு மரத்தரையில் தாளம் தட்டி ஆடினார்கள். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இதுக்குக் கண் தேவையில்லை" என்றாள். எங்கள் திட்டத்தில் இல்லாத இடம் அது. பெற்றோல் முடிந்திராவிட்டால் கண்டிருக்கவே மாட்டோம்.

அடுத்தநாள் 176ஆவது மைலில் மாப்ரி மில் என்ற நீராலை. பார்க்வேயில் மிக அதிகம் படம் எடுக்கப்படுகிற இடங்களில் ஒன்று. அழகுதான். ஆனால் கார் நிறுத்த இடமில்லை. அங்கிருந்து 14 மைல் தாண்டி, 190ஆவது மைலுக்குச் சற்று முன்னால் தனியே ஒரு மரக்குடில். ஒருவரும் இல்லை. காரை நிறுத்திப் பலகையை வாசித்தோம். ஒறலீனா ஹோக்ஸ் பக்கற் என்ற மருத்துவிச்சி வாழ்ந்த இடம். ஐம்பது வயதுக்குப் பிறகு அந்தத் தொழிலைத் தொடங்கி, மலையிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவர். 1939இல் இறந்தார். அவர் தாமே பெற்ற பிள்ளைகள் 24. ஒன்றுகூடக் குழந்தைப்பருவத்தைத் தாண்டவில்லை.

லண்டன்காரி முப்பத்தைந்து வருடம் பிரசவ அறையில் வேலை செய்தவள். அவள் குடிலின் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இரத்தவகை ஒவ்வாமையாய் இருந்திருக்கும். இப்ப ஓர் ஊசியில தடுக்கிற விசயம்" என்று தன் ஊகத்தைச் சொன்னாள். பிறகு, "ஒவ்வொரு வீட்டிலயும் பிள்ளையைக் கையில குடுத்திட்டு வெறுங்கையோட திரும்பி வந்திருக்கிறா" என்றாள். நாங்கள் பிளாஸ்க்கில் இருந்த தேநீரை ஊற்றி, நால்வரும் அந்தப் படியிலேயே இருந்து குடித்தோம். எட்டு நாளில் எங்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்த இடம் எது என்று கேட்டால் நால்வரும் அந்தக் குடிலைத்தான் சொல்லுவோம். எந்தச் சுற்றுலாப் பட்டியலின் உச்சியிலும் நாங்கள் அதைக் காணவில்லை.

வட கரோலைனாவில் 304ஆவது மைலில் லின் கோவ் மேம்பாலம். கிரான்ட்பாதர் மலையின் இடுப்பைச் சுற்றி 1,243 அடி நீளத்துக்கு வளைந்து போகிறது. மலையை வெட்டினால் அதன் சரிவு பாழாகும் என்பதால், 153 கொங்கிறீற்றுத் துண்டுகளை வேறிடத்தில் வார்த்து, கட்டி முடிந்த பாலத்தின் நுனியிலிருந்தே ஒவ்வொன்றாக முன்னே பொருத்திக்கொண்டு போனார்கள். பாறையின் நிறத்தோடு பொருந்த இரும்பு ஒட்சைட்டும் கலந்தார்கள். பார்க்வே முழுவதிலும் கடைசியாக முடிந்த துண்டு இதுதான். எல்லோரும் மேலால் ஓடிவிடுவார்கள். பாலத்தின் அடிக்குப் போக ஒரு நடைபாதை இருக்கிறது. அன்று வெயில் புகாரில் பட்டு ரீச்சருக்குப் பள்ளத்தாக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆகவே அடிக்குப் போனோம். தூணைத் தொட்டு, அண்ணாந்து, துண்டுகளுக்கிடையிலான கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். நிழலில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

331ஆவது மைலில் கனிய அருங்காட்சியகம் ஒன்று. சிறிய இடம். பக்கத்திலுள்ள ஸ்புரூஸ் பைன் என்ற ஊரில் எடுக்கும் படிகக்கல் உலகிலேயே மிகத் தூய்மையான வகைகளில் ஒன்று. கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கனை உருக்கும் பாத்திரம் செய்ய அதுதான் தேவை. எங்கள் ஒவ்வொருவர் கைப்பையிலும் இருக்கிற தொலைபேசிக்கும் அந்தச் சின்ன ஊருக்கும் தொடர்பு இருக்கிறது. 364ஆவது மைலில் கிறாகி தோட்டம். ஆனி மாதத்தில் மலைச்சரிவெல்லாம் ஊதா நிற றோடோடென்ட்ரன் மலர்கள். எங்கள் ஹோட்டன் சமவெளியின் சிவப்பு மலருக்கு அவை இனத்தார். பார்க்வே பல இடங்களில் நீர்ப்பிரிமேட்டைக் கடக்கிறது. ஒரு பக்கம் விழும் மழை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் மறுபக்கம் விழுவது மெக்சிக்கோ வளைகுடாவுக்கும் போகும். அப்படியோர் இடத்தில் ரீச்சர் பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீரை இரண்டு பக்கமும் பங்கிட்டு ஊற்றினாள். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோலவே செய்தாள்.

சகோதரிகளே, பல நாடுகளிலும் இருக்கிற உங்களில் பலர் அமெரிக்காவில் கார் ஓட்டப் போவீர்கள். ஆகையால் நாங்கள் கற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம்.

ஒன்று, சாலை இலக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒற்றை இலக்கம் பொதுவாக வடக்குத் தெற்கு, இரட்டை இலக்கம் கிழக்கு மேற்கு. 1926இல் இலக்கமிட்ட பழைய நெடுஞ்சாலைகள் ஊர்களுக்குள்ளால் போகும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பரவலாக எழுந்த விரைவுச்சாலைகள் ஊர்களை ஒதுக்கிக்கொண்டு போகும். பழைய சாப்பாட்டுக்கடை, பழைய நீதிமன்றம், பழைய பாலம் எல்லாம் பழைய சாலையில்தான். 81ஆம் இலக்க விரைவுச்சாலையோடு கூடவே பழைய 11ஆம் இலக்கம் ஓடுகிறது. விரைவுச்சாலை சலித்தால் அதில் இறங்குங்கள்.

இரண்டு, மண்ணிறப் பெயர்ப்பலகை கண்டால் வேகத்தைக் குறையுங்கள். பூங்கா, வரலாற்றிடம் போன்றவற்றுக்கு அங்கே அந்த நிறம்தான். வீதியோர வரலாற்றுப் பலகைகளையும் விடாதீர்கள். வேர்ஜீனியாவில் அவற்றை 1927இலிருந்து நட்டு வருகிறார்கள்.

மூன்று, அழகிய நெடுவழிகளுக்கென அரசின் பட்டியல் ஒன்று 1991இலிருந்து இருக்கிறது. மிசிசிப்பியின் நாச்செஸ் ஊரிலிருந்து நாஷ்வில் வரை 444 மைல் ஓடும் நாச்செஸ் ரிறேஸ் பார்க்வே, யூற்றாவின் 12ஆம் இலக்கச் சாலை, மினசோற்றாவில் சுப்பீரியர் ஏரிக்கரையோரம் போகும் 61ஆம் இலக்கச் சாலை ஆகியவை அதில் உண்டு. இவை எங்கள் அடுத்த பட்டியல்.

நாலு, கடதாசி வரைபடம் வைத்திருங்கள். மலையில் தொலைபேசி கைவிடும், கடதாசி கைவிடாது. பெற்றோல் அரைத் தாங்கிக்குக் குறைய விடாதீர்கள். பார்வையிடங்களில் பெரும்பாலும் கழிவறை இல்லை. தகவல் நிலையம் கண்ட இடத்தில் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்குங்கள்.

ஐந்து, உங்களில் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்கள் 62 வயதானதும் தேசியப் பூங்காக்களுக்கான முதியோர் அட்டை எடுத்துவிடுங்கள். நாங்கள் போனபோது வாழ்நாள் அட்டை 80 டொலர். அட்டைக்காரி காரில் இருந்தால், வாகனத்துக்குக் கட்டணம் வாங்கும் பூங்காக்களில் கூட வருகிறவர்களுக்கும் அதுவே போதும். வயது கேட்டால் கோபிக்காத ஒரே இடம் அதுதான்.

ஆறு, ஊராரிடம் "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததையே சொல்லுவார்கள். "உங்கள் வீட்டுக்கு உறவினர் வந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்?" என்று கேளுங்கள். முகம் மலர்ந்து சொல்லுவார்கள்.

ஏழு, புறப்படுமுன் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 புரட்டாதியில் ஹெலீன் சூறாவளி வட கரோலைனா மலைகளைச் சின்னாபின்னமாக்கியது. பார்க்வேயின் பல பகுதிகள் மண்சரிவில் அடிபட்டு மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. நாங்கள் நின்ற இடங்கள் சில அந்தப் பகுதியிலேயே இருக்கின்றன. செய்தியைக் கேட்டபோது தெரிந்த ஊரில் இடி விழுந்ததுபோல இருந்தது.

இனி முடிக்கவேண்டும். பயணத்துக்குப் பிறகு ரீச்சரின் பார்வை மேலும் ஒடுங்கிவிட்டது. மருந்து ஒழுங்காகப் போடுகிறாள். முகங்களை நேரே பார்த்தால் அறிகிறாள். வரைபடம் வாசிக்க இப்போது முடிவதில்லை. இதைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டோம். "சொல்லுங்கோ. ஆனால் ஒருத்தரும் ஐயோ பாவம் எண்டு சொல்லக்கூடாது. நாற்பது வயது தாண்டின பிள்ளைகள் எல்லாரையும் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கோ. எனக்கு நோவு ஒண்டும் இல்லாமல்தான் போனது" என்றாள். ரீச்சர் சொன்னதைச் சொல்லிவிட்டோம். இது வீட்டுவேலை. தவறாமல் செய்யுங்கள்.

பென்சில் கோடு போட்ட அந்த வரைபடத்தில், நாங்கள் நின்ற 31 இடங்களையும் அவள் தன் கையாலேயே குறித்திருக்கிறாள். கடைசி இடங்களில் எழுத்துக் கோணியிருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கொண்டுவந்திருக்கிறோம். கல்லூரியின் புவியியல் அறையில், 1971இல் அவள் படம் ஒட்டியிருந்த அதே சுவரில் தொங்கவிட அனுமதி தருமாறு அதிபர் அவர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த வருடம் நாச்செஸ் ரிறேஸ் போவதாக இருக்கிறோம். நால்வரும்தான். வரைபடத்தை இனி நாங்கள் வாசிப்போம், எங்கே நிற்பதென்று அவள் சொல்லுவாள்.